அடித்துத் திருத்திய தேதி

அத்தை, பொய் சொன்னது நீங்கள். அந்த நர்சம்மா இல்லை.

இதை எழுதிப் போடுகிறேன். வாயால் சொன்னால் எங்கள் வீட்டில் யாரும் என்னை முடிக்க விடுவதில்லை. பாதியில் பிள்ளை அழும், இல்லை குக்கர் விசில் அடிக்கும், இல்லை என் வீட்டுக்காரர் "விடுட்டி, பொறவு பேசிக்கிடலாம்" என்பார். அந்தப் பொறவு வரவே இல்லை.

விஷயம் இதுதான். என் தாய்சேய் அட்டையில் பிரசவத் தேதி என்று ஒன்று நீல மையில் எழுதியிருக்கிறது. அதைச் சிவப்பு மையில் அடித்து, பக்கத்தில் வேறொரு தேதி எழுதி, கையெழுத்துப் போட்டிருக்கிறது. நான் அத்தை என்று கூப்பிடுகிற என் மாமியார் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து எங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். கூடவே பேசியும் அனுப்பினார். "பாத்துக்கோங்க, ராசபாளையத்து நர்சு இஷ்டத்துக்குத் தேதிய அடிச்சு எழுதித்தான் எங்க வீட்டுத் தலைப்பிள்ள சித்திரையில பொறந்துச்சு." அதைக் கேட்டு முப்பது பேர் அழுகிற பொம்மை போட்டார்கள். மாமனார் ஒரு மனு எழுதி மேலே அனுப்பிவிட்டார். இப்போது அந்த நர்சம்மாவிடம் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். ஏன் அடித்து எழுதினாய் என்று.

அவருக்குக் காரணம் தெரியும். சொல்ல மாட்டேன் என்கிறார். சொன்னால் என் மானம் போய்விடுமாம். எனக்கு அப்படி என்ன மானம் அதில் இருக்கிறது என்று எனக்கே பிடிபடவில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு வைகாசியில் கல்யாணம். பிறந்த வீடு ராஜபாளையம், வாழ்க்கைப்பட்ட வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து டிக்கெட்டை வாங்கி மடிப்பதற்குள் ஊர் வந்துவிடும். ஆடி பிறந்ததும் அம்மா வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார். புதுசாகக் கல்யாணமான பெண்ணை ஆடியில் புருசன் வீட்டில் விடுவதில்லை. ஆடியில் உண்டானால் சித்திரையில் பிறக்கும். சித்திரையில் தலைப்பிள்ளை பிறந்தால் அந்த வீட்டுக்கு ஆகாது. இது எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. ஒரு மாதம் பிரித்து வைக்கிறார்களே, எதற்காகப் பிரிக்கிறார்கள் என்று பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். ஆனால் யாரும் வாயால் சொல்வதில்லை. "பிள்ளைக்கு ஆடிச் சீர் செய்யக் கூட்டிட்டுப் போறோம்" என்பார்கள்.

அம்மா வீட்டுக்குப் போன முதல் வாரத்திலேயே நான் தலைக்குக் குளித்துவிட்டேன். அதாவது மாத விலக்கு வந்து போய்விட்டது. அம்மாவுக்கு நிம்மதி. எனக்கும் நிம்மதிதான். நூல் மில்லில் கோன் வைண்டிங்கில், அதாவது நூலைச் சுற்றுகிற இடத்தில் வேலை பார்த்தவள் நான். கல்யாணத்தோடு நின்றிருந்தேன். அந்த ஒரு மாதம் தூங்கியே கழிக்கலாம் என்று இருந்தேன்.

பிறகு ஆடிப்பூரம் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேர். தேருக்குச் சம்பந்தி வீட்டுக்குப் போகாமல் இருந்தால் அது ஒரு பேச்சாகிவிடும். அதனால் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். மாமியார் எங்களுக்கு ஒரு கடை வாசலில் இடம் பிடித்து வைத்திருந்தார். செத்த நேரத்தில் எனக்கு அவசரமாகப் பாத்ரூம் போக வேண்டியிருந்தது. நிஜமாகவேதான். அதில் பொய் இல்லை.

"நான் வீடு வரைக்கும் கூட்டிட்டுப் போயிட்டு வாரேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

அம்மாவும் மாமியாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். நடுரோட்டில் என்ன சொல்ல முடியும்? "சட்டுனு வந்திருங்க. தேரு நிலைக்குப் போறதுக்குள்ள வந்திரணும்" என்றார் மாமியார்.

நாங்கள் சட்டென்று வரவில்லை. இதற்கு மேல் எழுத மாட்டேன். கட்டின புருசன், பட்டப்பகல், எங்கள் வீடு. இதில் எந்த இடத்தில் தப்பு என்று யாராவது எனக்கு விளக்கிச் சொன்னால் தேவலை.

என் தலையில் இருந்த பூ வீட்டுக்குள் விழுந்து கிடந்திருக்கிறது. தேர் பார்த்துவிட்டு வந்த மாமியார் அதை எடுத்துக் குப்பையில் போட்டார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கே அவருக்குத் தெரியும்.

ஆவணியில் புருசன் வீட்டுக்குத் திரும்பினேன். விலக்கு வர வேண்டிய நாளில் வரவில்லை. மாமியாரிடம் சொன்னேன். அவர் சந்தோஷப்படவில்லை. சமையல்கட்டில் விரலை மடக்கி எண்ணினார். திரும்பவும் எண்ணினார். "மூணு மாசம் தாண்டட்டும். அதுவரைக்கும் யாருகிட்டயும் வாயத் தொறக்காத" என்றார். அதனால் முதல் ஸ்கேன் எடுக்கவில்லை. மூன்று மாதம் கழித்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் பதியப் போனோம். அங்கே இருந்த நர்சு பேனாவை எடுத்து, கடைசியாகக் குளித்தது என்றைக்கு என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் சொன்னார்.

"ஆனி மாசம் அஞ்சாந்தேதி. எனக்கு நல்லாத் தெரியும், நாந்தான் தண்ணி சுட வச்சுக் குடுத்தேன்."

கவனியுங்கள். அது முழுப்பொய்கூட இல்லை. ஆனியிலும் நான் குளித்தேன். தண்ணீர் சுட வைத்துக் கொடுத்தது உண்மை. ஆனால் அதற்குப் பிறகு ஆடியிலும் ஒரு தரம் குளித்தேன். அதுதான் கணக்கு. அந்த ஒரு மாதத்தை மாமியார் அங்கேயே முழுங்கிவிட்டார். நர்சு என்னைப் பார்த்து "சரிதானம்மா?" என்றார். நான் தலையை ஆட்டினேன். அப்படித்தான் நீல மையில் பங்குனித் தேதி ஏறியது.

மாமியார் அன்றைக்கே எல்லாம் திட்டம் போட்டுத்தான் செய்தாரா, இல்லை ஊர்ப் பேச்சுக்குப் பயந்து வாயில் வந்ததைச் சொன்னாரா? இத்தனை நாள் யோசித்தும் எனக்குத் தெரியவில்லை. என் தலை ஏன் ஆடியது என்பதும் தெரியவில்லை.

தீபாவளி முடிந்து ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் ரிப்போர்ட்டையும் அட்டையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "நாலு வாரம் கம்மியாக் காட்டுது. ஒண்ணு தேதி தப்பா இருக்கணும், இல்லாட்டி பிள்ளைக்கு வளர்ச்சி கம்மியா இருக்கணும். தேதி உறுதிதானா?" என்று கேட்டார்.

"காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருக்கேன் டாக்டர்" என்றார் மாமியார்.

அவ்வளவுதான். என் பிள்ளைக்கு வளர்ச்சி கம்மி என்று முடிவாகிவிட்டது. அன்றிலிருந்து எனக்கு முட்டை, பேரீச்சம்பழம், சத்துமாவு, ஆட்டுக்கால். மூச்சு முட்ட முட்டக் கொடுத்தார். மாமியார் சும்மா நடிக்கவில்லை. நிஜமாகவே கவலைப்பட்டார். பொய்யைச் சொன்னவரே அந்தப் பொய்யை நம்பி, பிள்ளை சிறுசாக இருக்கிறதே என்று ராத்திரி சாமி படத்துக்கு முன்னால் நின்று கொண்டிருப்பார். எனக்கே ஒரு கட்டத்தில் சந்தேகம் வந்துவிட்டது. நாம் ஆடியில் குளித்தோமா இல்லையா? சாப்பிட்டதை எல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டு இதை யோசித்துக் கிடந்தேன்.

மாசியில் ஒன்பதாம் மாதம் என்று சொல்லி வளைகாப்பு போட்டு அம்மா வீட்டுக்கு அனுப்பினார்கள். உண்மையில் எட்டாம் மாதம்தான் ஆரம்பித்திருந்தது.

ராஜபாளையத்தில் அம்மா வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். அங்கேதான் அந்த நர்சம்மா. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். குள்ளம். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். சத்தமாகப் பேசுவார். முதல் பார்வையில் எனக்குப் பிடிக்கவில்லை. "அட்டைய மடக்கி மடக்கி என்னம்மா இப்படி வச்சிருக்க, இட்லிப் பொட்டலமா கட்டுன?" என்றார்.

படுக்கச் சொன்னார். இரண்டு கையையும் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு வயிற்றில் வைத்தார். அதற்கு முன்னால் ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வயிற்றில் எத்தனையோ பேர் கை வைத்திருக்கிறார்கள். மெஷினும் வைத்திருக்கிறார்கள். கையைச் சூடாக்கிக்கொண்டு வைத்தது இவர் ஒருத்தர்தான். மேல் பக்கம் ஒரு கை, பக்கவாட்டில் ஒரு கை. அடிவயிற்றில் இரண்டு விரலால் லேசாக ஆட்டிப் பார்த்தார். "தலை இன்னும் மிதக்குது, கீழ எறங்கல" என்றார். பிறகு தையல்காரர் மாதிரி டேப்பை எடுத்து அடிவயிற்று எலும்பில் இருந்து மேலே வரைக்கும் அளந்தார். அட்டையைப் பார்த்தார். திரும்பவும் அளந்தார்.

கோன் வைண்டிங்கில் நூல் ஓடும்போது எங்கேயோ அறுந்தால் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் கைக்குத் தெரியும். அந்த மாதிரி ஒரு முகம் அவருக்கு. எனக்கு அந்த முகம் பழக்கம். பயமாகிவிட்டது.

"வளர்ச்சி கம்மிங்களா சிஸ்டர்?"

"யாரு சொன்னா கம்மினு? பிள்ளை நல்லாத்தான் இருக்கு. எட்டு மாசத்துப் பிள்ளை எம்புட்டு இருக்கணுமோ அம்புட்டு இருக்கு. அட்டைதான் ஒன்பதுங்குது." பிறகு என் அம்மாவைப் பார்த்து, "அக்கா, வெளிய போயி சீட்டுல நம்பர் போட்டு வாங்கிட்டு வாங்க" என்றார். அம்மா போனதும் கதவைச் சாத்தினார். "இப்பச் சொல்லு. தேதி யாரு சொன்னது, நீயா, வேற யாருமா?"

"நாந்தான்" என்றேன்.

அவர் அட்டையை மடக்காமல் என் கையில் கொடுத்தார். "சரி, அடுத்த வாரம் வா" என்றார். திட்டவில்லை.

அடுத்த வாரம் போனேன். கையைத் தேய்த்தார், வயிற்றில் வைத்தார். அந்தச் சூடு பட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. தேரில் இருந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பூ விழுந்தது வரைக்கும் சொன்னேன்.

நர்சம்மா சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏட்டி, கட்டின புருசனத்தானே பாத்த? பக்கத்து வீட்டுக்காரனப் பாத்த மாதிரி அழுகுற! அம்புட்டுக் கூட்டத்துல தொலையாம வீடு போய்ச் சேந்தீகளே, அதச் சொல்லு."

எனக்கும் சிரிப்பு வந்தது. அப்புறம் அவர் சிரிப்பை நிறுத்தினார். "இங்க பாரு. இந்தத் தேதி சும்மா எழுதுற தேதி இல்ல. இத வச்சுத்தான் நாள் தாண்டிருச்சானு பாப்பாக. தாண்டாததத் தாண்டிருச்சுனு நெனச்சு, வலிக்கு மருந்து ஏத்துவாக, இல்லாட்டி அறுத்து எடுப்பாக. உள்ள இருக்கிறது மூச்சு விடவே பழகியிருக்காது. புரியுதா?"

புரிந்தது. இதை ஆறு மாதத்துக்கு முன்னால் யாராவது எனக்கு இப்படிச் சொல்லியிருந்தால் என் தலை ஆடியிருக்காது என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

அவர் ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்து ஆடித் தேதியை வைத்துக் கணக்குப் போட்டார். சரியாகப் பொருந்தியது. டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்து சிவப்பு மையில் பழையதை அடித்தார். சித்திரைத் தேதியை எழுதினார். காரணம் எழுதப் போனபோது நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சிஸ்டர், காரணம் எழுதாதீங்க. ரெண்டு வீட்டுலயும் தெரிஞ்சா நான் செத்தேன்."

"எழுதாம அடிச்சா நாளைக்கு என்னயக் கேப்பாகம்மா."

"கும்பிடுறேன் சிஸ்டர்."

பேனாவை மூடிக் கையெழுத்து மட்டும் போட்டார். அதுதான் அந்த போட்டோவில் இருக்கிற கையெழுத்து. என் கை அவர் கையைப் பிடித்திருந்தது போட்டோவில் விழவில்லை.

பங்குனியில் ஒரு நாள் காலையில் மாமியார் காரில் வந்து இறங்கினார். கூட என் வீட்டுக்காரர். அவர் கிருஷ்ணன்கோவில் பக்கம் காலேஜ் பஸ் ஓட்டுகிறவர். அன்றைக்கு லீவு போட்டிருந்தார். மாமியார் கையில் ஒரு சீட்டு. அதில் நல்ல நட்சத்திரம், நல்ல நேரம் எல்லாம் குறித்திருந்தது. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பேசியாகிவிட்டதாம். பழைய தேதி எழுதிய ஜெராக்சைக் காட்டியிருக்கிறார். அவர்களும் நாள் தாண்டிவிட்டது, எடையும் கம்மி, எடுத்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"தேதி தாண்டிருச்சு மதினி. சித்திரை பொறக்கிறதுக்குள்ள எடுத்திரலாம். ஆபரேசன்னா பயப்பட ஒண்ணுமில்ல" என்றார் என் அம்மாவிடம்.

அம்மாவுக்கும் ஆடியில் நான் குளித்தது தெரியும். அவரும் வாயைத் திறக்கவில்லை. "அத்தை சொன்னாச் சரியாத்தான் இருக்கும். கெளம்புட்டி" என்றார்.

நான் கிளம்பவில்லை. போனை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். வெளியே கதவைத் தட்டுகிறார்கள். உள்ளே இருந்து நர்சம்மாவுக்குப் போன் போட்டேன்.

"ஸ்பீக்கர்ல போடு" என்றார். போட்டுக் கதவோரம் பிடித்தேன்.

"யாரு, மாமியாரா? நான் நர்சு பேசுறேன். அந்தப் பிள்ளை இன்னும் மூணு வாரம் உள்ள இருக்கணும்."

"நீ யாரும்மா அதச் சொல்ல? டாக்டரே சொல்லிட்டாக."

"டாக்டருக்கு நீங்க சொன்ன தேதிதான் தெரியும். பிள்ளைக்குத் தெரியாதுல்ல? மூச்சு விடத் தெரியாமப் பொறந்துச்சுனா உங்க நட்சத்திரம் வந்து மூச்சு குடுக்குமா?"

"ஏம்மா, பாத்ரூமுக்குள்ள இருந்து என்னம்மா பேச்சு இது!"

"பாத்ரூம்ல இருக்கிறது உங்க மருமக. நான் ரோட்டுல நிக்கேன். இந்தா வாரேன், அங்கயே இருங்க."

ஸ்கூட்டியில் வந்துவிட்டார். அவர் வந்து சேருவதற்குள் என் வீட்டுக்காரர் கதவுக்கு வெளியே நின்று, "அவ வர மாட்டாம்மா" என்று ஒரு தரம் சொன்னார். அந்த ஒன்பது மாதத்தில் அவர் எனக்காகப் பேசிய பேச்சு அது ஒன்றுதான். அதற்காக அவரை மன்னிக்கலாமா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

நான் ஏறாமலே கார் திரும்பிப் போனது.

சித்திரை இரண்டாவது வாரம், காலையில் காபி குடிக்கும்போது வலி எடுத்தது. சுகாதார நிலையத்துக்குப் போனோம். கூட ஒரு பெண் துணைக்கு உள்ளே இருக்கலாம் என்றார்கள். என் அம்மா என்னைப் பார்த்த மாத்திரத்தில் மயங்கி பெஞ்சில் சாய்ந்துவிட்டார். செய்தி கேட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து சுடுதண்ணீர் பிளாஸ்கோடு வந்து நின்ற மாமியார்தான் உள்ளே வந்தார். வேறு ஆள் இல்லை.

நர்சம்மா பழசைப் பேசவில்லை. "வாங்கக்கா, வேலை இருக்கு" என்றார். மாமியார் கையைப் பிடித்து என் இடுப்புக்குக் கீழே வைத்து, "இந்த எடத்துல அமுக்குங்க. வலி வாரப்ப அமுக்கணும், போனா விட்டுரணும்" என்று காட்டிக் கொடுத்தார். மாமியார் அமுக்கினார். கை நோக நோக அமுக்கினார். என்னைப் படுக்கப் போடவில்லை. நடக்க விட்டார்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குந்தச் சொன்னார் நர்சம்மா. நடுவில் கஞ்சி குடிக்கக் கொடுத்தார். அரை மணிக்கொரு தரம் பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்டு எனக்கும் கேட்க வைத்தார். நான் கத்தினேன். கெட்ட வார்த்தை எல்லாம் சொன்னேன். மில்லில் கற்றது. யாரும் வாயை மூடு என்று சொல்லவில்லை. "இன்னும் ரெண்டு சொல்லு, பிள்ளை வெளிய வந்துரும்" என்றார் நர்சம்மா. மாமியாரே சிரித்துவிட்டார்.

மத்தியானம் மூன்று மணிக்குத் தலை தெரிந்தது. நர்சம்மா என்னிடம் பேசுவதை விட்டுவிட்டுப் பிள்ளையிடம் தெலுங்கில் பேச ஆரம்பித்தார். "ரா தல்லி, ரா" என்று கூப்பிட்டார். வா தாயே, வா என்று. பெண்பிள்ளை. பிறந்த உடனே வீல் என்று அழுதது. மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. வளர்ச்சி கம்மி என்று சொன்ன பிள்ளை! துடைத்து என் நெஞ்சின் மேலேயே போட்டார்கள். தொப்புள்கொடியில் துடிப்பு நிற்கும் வரை காத்திருந்துதான் வெட்டினார்கள். எனக்குத் தையல்கூட இல்லை. மாமியார் இரண்டு கையையும் சேர்த்து நர்சம்மாவைக் கும்பிட்டார். நான் என் கண்ணால் பார்த்தேன். "நீ நல்லா இருக்கணும் தாயி" என்றார்.

அத்தை, அதைச் சொன்னதும் நீங்கள்தானே? எனக்கு இதுதான் விளங்கவில்லை. நீங்கள் அன்றைக்குச் சொன்னது நிஜமா, குரூப்பில் பேசியது நிஜமா?

வைகாசியில் பிள்ளையோடு புருசன் வீட்டுக்குத் திரும்பினேன். அந்த மாதமே மாமனார் வண்டியில் போகும்போது ஆடு குறுக்கே வந்ததில் விழுந்தார். கால் எலும்பு முறிந்தது. ஆட்டுக்கு எந்த மாதமும் தெரியாது. ஆனால் வீட்டில் எல்லாரும் தொட்டிலைத் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த நாள் மாமியார் அட்டையை எடுத்துப் போட்டோ பிடித்தார். மாமனார் போலீசில் இருந்து ரிட்டயர் ஆனவர். மனு எழுதுவது அவருக்கு வெற்றிலை போடுகிற மாதிரி. மாவுக்கட்டு போட்ட காலை ஸ்டூலில் வைத்துக்கொண்டு இரண்டு பக்கம் எழுதினார்.

நான் மாமியாரிடம் கேட்டேன். சமையல்கட்டில், நேராகவே கேட்டேன். "தேதிய மாத்துனது யாரு அத்தை?"

அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார். அவருடைய தம்பி சித்திரையில் பிறந்தவராம். அந்த வருசமே அவர்கள் அப்பா லாரியில் அடிபட்டுச் செத்துப்போனாராம். அப்போது அவருக்கு ஏழு வயது. அந்தத் தம்பியைக் கடைசி வரைக்கும் ஊரில் அப்பனை முழுங்கினவன் என்றே கூப்பிட்டார்களாம். "அந்தப் பேரு நம்ம பிள்ளைக்கு வரக் கூடாதுனுதான்டி பாடுபட்டேன்" என்றார். அழுதார். என் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அழுதார். அதே மடியில் வைத்துக்கொண்டுதான் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் "இது பொறந்த நேரம், அவிய விழுந்தாக" என்று சொல்கிறார். சொல்லிவிட்டுப் பிள்ளைக்கு முத்தம் கொடுக்கிறார். எனக்குத் திட்ட வருகிறது. திட்ட முடியவில்லை. கட்டிப்பிடிக்க வருகிறது. அதுவும் முடியவில்லை. இந்த வீட்டில் நான் எந்தப் பக்கம் திரும்பி நிற்பது என்றே தெரியவில்லை.

போன வாரம் பிள்ளைக்குத் தடுப்பூசி போடப் போனபோது நர்சம்மாவைப் பார்த்தேன். "விளக்கத்துல உண்மைய எழுதிருங்க சிஸ்டர்" என்றேன்.

"அது உன் விஷயம். நான் எப்படி எழுதுறது? இன்னைக்கு உன்னோடத எழுதுனா, நாளைக்கு எந்தப் பிள்ளையாவது கதவச் சாத்துனா எங்கிட்ட உண்மையச் சொல்லுமா?"

"அப்ப என்ன எழுதப் போறீங்க?"

"கை வச்சுப் பாத்தேன், டேப்பு வச்சு அளந்தேன், டாக்டர்ட்ட காட்டித் திருத்துனேன்னு எழுதுவேன். நம்புனா நம்பட்டும்." ஊசியை டப்பாவில் போட்டுவிட்டு, "ரிட்டயராக ரெண்டு வருசம் இருக்கு. கடுப்பாத்தான் இருக்கு, இல்லைனு சொல்ல மாட்டேன்" என்றார். பிறகு பிள்ளையின் தொடையைத் தேய்த்துவிட்டார். அதற்கும் கையைச் சூடாக்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் பஸ்ஸில் எனக்கு ஆத்திரம். யார் மேல் என்று தெரியாத ஆத்திரம். ஒரு மாதத்தை முழுங்கினது மாமியார். பார்த்துக்கொண்டிருந்தது அம்மா. தலையாட்டியது நான். ஊமையாக நின்றது என் வீட்டுக்காரர். விளக்கம் எழுதுவது மட்டும் அந்த நர்சம்மாவா? இந்தக் கதையில் பொய் சொல்லாத ஒரே ஆள் அவர்தான்.

என் பங்கை நான் சொல்லிவிட்டேன். ஆடிப்பூரத்தன்று தேர் ஓடும்போது நான் என் புருசனோடு வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு உண்டான பிள்ளைதான் இது. ஆடியில் உண்டான பிள்ளை சித்திரையில்தான் பிறக்கும். அதை நர்சு செய்யவில்லை. நாங்கள் செய்தோம். நர்சம்மாவின் கையைப் பிடித்துக் காரணம் எழுதாமல் தடுத்ததும் நான்தான். இதை இப்படியே அந்த குரூப்பில் போடப் போகிறேன். விளக்கம் கேட்ட அலுவலகத்துக்கும் ஒரு காப்பி அனுப்புகிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

இப்போது உங்கள் முறை அத்தை. சமையல்கட்டில் எனக்குச் சொன்ன பதில் போதாது. அடுப்பு அதைக் குரூப்பில் சொல்லப் போவதில்லை. எந்தக் குரூப்பில் அந்தப் பக்கத்தைப் போட்டீர்களோ அதே குரூப்பில், அன்றைக்குப் பேசின மாதிரியே உங்கள் குரலில் பேசி அனுப்புங்கள். மாமாவும் கேட்கட்டும், என் அம்மாவும் கேட்கட்டும், அழுகிற பொம்மை போட்ட முப்பது பேரும் கேட்கட்டும். இரண்டே கேள்வி. நான் கடைசியாகக் குளித்தது ஆனியா, ஆடியா? அது தெரிந்துதான் அன்றைக்கு ஆனி என்று சொன்னீர்களா?

சொல்லுங்கள் அத்தை. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.